கத்திக் கத்திக் கூட்டம் சேர்த்தவர் மெல்லப் பாடப் போன கதை

2017 டிசம்பர் 29.

ட்விட்டரில் ஒரு அறிக்கை வருகிறது. எழுதியவர் ஜார்ஜ் மில்லர். அந்தப் பெயரைச் சொன்னால் அப்போது பலருக்குத் தெரியாது. "ஃபில்தி ஃப்ராங்க்" என்று சொன்னால் யூட்யூப் பார்க்கும் கல்லூரிப் பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இனிமேல் அந்தக் காமெடி வீடியோக்களைச் செய்யப் போவதில்லை என்று அறிவிக்கிறார். காரணமும் சொல்கிறார். தொண்டைத் திசுக்களில் சேதம். கூடவே ஒரு நரம்பியல் பிரச்சனை. அதோடு அந்த மாதிரி வீடியோ செய்வதில் ஆர்வமும் போய்விட்டது.

பத்து மாதம் கழித்து, 2018 அக்டோபர் 26ல், "ஜோஜி" என்ற பெயரில் அவருடைய 'பேலட்ஸ் 1' ஆல்பம் வெளிவருகிறது. அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை போடும் ஆர் அண்ட் பி - ஹிப் ஹாப் ஆல்பம் பட்டியலில் முதலிடம். ஆசியாவில் பிறந்த ஒரு கலைஞர் அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"யூட்யூபர் ஒருத்தர் பாடகர் ஆயிட்டார்" என்று எல்லாரும் எழுதினார்கள்.

எனக்கு அது தலைகீழாகப் படுகிறது நண்பர்களே. பாட்டு போட வந்த ஒரு பையனைக் கூட்டம் கோமாளியாக்கி வைத்துக்கொண்டது. அந்தக் கோமாளி வேஷம் அவர் தொண்டையையே கேட்டது. அதிலிருந்து இறங்கி, முதலில் செய்ய வந்த வேலைக்கே அவர் திரும்பிப் போனார். நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் நீளமான த்ரெட். டூட்டி ஆஃப் அன்னைக்கு எழுதினது. பொறுமையாப் படிங்க.

சரி.. முதலில் இருந்து வருவோம்.

யூட்யூபில் முதல் வீடியோ ஏறியது 2005 ஏப்ரல் 23. அடுத்த வருடம் 2006ல் கூகுள் 165 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. 2007 கடைசியில், வீடியோ போடுபவர்களுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு கொடுக்கும் திட்டம் ஆரம்பமானது.

இந்தக் காலத்தில் யூட்யூப் வழியாக இசைக்குப் போனவர் என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஜஸ்டின் பீபர். கனடாவில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்கிற சின்ன ஊர். 2007ல் அங்கே நடந்த ஒரு பாட்டுப் போட்டியில் பையன் பாடியதை, பார்க்க முடியாத சொந்தக்காரர்களுக்காக அம்மா யூட்யூபில் ஏற்றினார். ஸ்கூட்டர் பிரான் என்ற மேனேஜர் தற்செயலாக ஒரு வீடியோவைப் பார்த்துத் தேடிப் போனார். பிறகு அஷர் வந்தார், ஒப்பந்தம் வந்தது, 2009ல் முதல் பாட்டு வந்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். பீபரைப் பார்க்க வந்த கூட்டம் அவர் குரலுக்காகத்தான் வந்தது. பாடினார், பார்த்தார்கள், மேலும் பாடினார். வந்த கூட்டத்துக்கும் போக வேண்டிய இடத்துக்கும் நடுவில் சண்டையே இல்லை.

ஜார்ஜ் மில்லருக்கு அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை.

அவர் ஜப்பானில் ஒசாகாவில் பிறந்தவர். கோபே நகரத்தில் கனேடியன் அகாடமி என்ற சர்வதேசப் பள்ளியில் படித்தவர். பள்ளிக் காலத்திலேயே லேப்டாப்பில் பீட் போட்டுப் பாட்டு செய்து பழகியவர். 2008ல் யூட்யூபில் ஒரு சேனல் தொடங்குகிறார். அந்தச் சேனலின் பெயர் என்ன தெரியுமா?

"டிஸாஸ்டா மியூசிக்".

ஆம்.. மியூசிக். தன் பாட்டுகளுக்கு ஆள் சேர்க்கத்தான் அந்தச் சேனல். காமெடி வீடியோ பக்கவாத்தியம் மாதிரி. வீடியோ பார்க்க நாலு பேர் வந்தால், அவர்களில் ஒருத்தராவது பாட்டும் கேட்பார் என்ற கணக்கு.

நாலு பேர் இல்லை, நாற்பது லட்சம் பேர் வந்தார்கள். ஆனால் பாட்டுக்கு இல்லை.

2011 வாக்கில் ஃப்ராங்க் என்கிற கேரக்டர் அந்தச் சேனலில் தலை காட்டுகிறது. கண்ணாடி, நீலச் சட்டை, கரகரத்த அடித்தொண்டைக் குரல், எந்நேரமும் கத்தல். ஒரு மனுஷன் எப்படியெல்லாம் இருக்கக் கூடாதோ அத்தனையும் சேர்ந்த உருவம் என்று அவரே சொல்லிக்கொண்டார். கூடவே உடம்போடு ஒட்டிய ரோஸ் கலர் உடை போட்ட "பிங்க் கை" என்று இன்னொரு கேரக்டர். அது விசித்திரமாகக் கீச்சிடும், ஆடும், கண்டதையும் தின்னும்.

ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோக்களில் பலதை இன்று பார்த்தால் முகம் சுளிக்கத்தான் தோன்றும். இனத்தை வைத்து, உடற்குறையை வைத்து, பெண்களை வைத்து ஜோக் அடிப்பார்கள். "அப்படிப் பேசுகிற ஆட்களைத்தான் கிண்டல் செய்கிறோம்" என்பது அவர்கள் பக்க வாதம். பார்த்த பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு அந்த வித்தியாசம் புரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. அந்த வேஷம் போட்டவருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் 2013 பிப்ரவரியைப் பற்றிச் சொல்லியாகணும். இசை வரலாற்றிலேயே அது ஒரு விசித்திரமான மாதம்.

2013 ஜனவரி 30. மில்லர் ஒரு வீடியோ தொகுப்பு போடுகிறார். அதன் ஆரம்பத்தில் சில விநாடிகள், ஒரு சின்ன அறையில் நாலு பேர் வேஷம் போட்டுக்கொண்டு இடுப்பை ஆட்டுகிறார்கள். நடுவில் பிங்க் கை. பின்னால் ஓடுவது 'ஹார்லெம் ஷேக்' என்ற எலெக்ட்ரானிக் பாட்டு. நியூயார்க் புரூக்ளினைச் சேர்ந்த பாவர் என்ற இளைஞர் செய்தது. 2012 மே மாதமே இலவச டவுன்லோடாக வந்து, நடன இசை கேட்பவர்கள் வட்டத்தைத் தாண்டாமல் இருந்த பாட்டு.

இரண்டு மூன்று நாளில் ஆஸ்திரேலியாவில் சில பையன்கள் அதையே தங்கள் பாணியில் ஆடிப் போட்டார்கள். முதல் பாதியில் ஒருவர் மட்டும் ஆடுவார், மற்றவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். பாட்டில் "அந்த இடம்" வந்ததும் காட்சி மாறி எல்லாரும் பேய் பிடித்த மாதிரி ஆடுவார்கள். அரை நிமிஷம்தான். யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

செய்தார்கள். ஆபீசில், ராணுவ முகாமில், நீச்சல் குளத்துக்கு அடியில். எகிப்திலும் துனிசியாவிலும் அரசியல் எதிர்ப்பாகக்கூட ஆடினார்கள். நம்ம ஊர்க் கல்லூரி விடுதிகளும் சும்மா இருக்கவில்லை. எங்கள் விடுதியில் ஆடியவர்களில் இரண்டு பேர் இன்று சீரியஸான சர்ஜன்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

அதே பிப்ரவரியில் பில்போர்ட் ஒரு முடிவெடுத்தது. அமெரிக்காவின் நம்பர் ஒன் பாட்டு எது என்று சொல்லும் 'ஹாட் 100' பட்டியலுக்கு, இனிமேல் அமெரிக்காவில் யூட்யூபில் பார்க்கப்படும் எண்ணிக்கையும் சேரும் என்றது. முந்தைய வருடம்தான் 'கங்னம் ஸ்டைல்' யூட்யூபில் 100 கோடி பார்வையைத் தாண்டியும் அந்தப் பட்டியலில் 2ம் இடத்திலேயே நின்றுபோயிருந்தது.

புது விதி வந்த முதல் வாரமே 'ஹார்லெம் ஷேக்' நேராக முதலிடத்தில் வந்து இறங்கியது. ஐந்து வாரம் அங்கேயே உட்கார்ந்தது.

ரேடியோவில் பெரிதாக ஓடாமலே, முக்கியமாக மற்றவர்கள் ஆடிப் போட்ட வீடியோக்களால் ஒரு பாட்டு நாட்டின் முதல் பாட்டு ஆகலாம் என்று அன்றைக்குத்தான் நிரூபணமானது. இன்று ரீல்ஸுக்கென்றே 15 விநாடி "ஹூக்" வைத்துப் பாட்டுப் போடுகிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு ஒரு முக்கியமான தொடக்கப் புள்ளி இது.

ஆனால் அந்தக் கூத்துக்குள் ஓரிரு கசப்புகளும் இருக்கின்றன. ஹார்லெம் ஷேக் என்பது உண்மையில் நியூயார்க் ஹார்லெம் பகுதிக் கறுப்பின மக்களிடம் 1980களில் உருவான ஒரு நடனம். இணையத்தில் உலகமே ஆடியதற்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. "எங்கள் ஆட்டம் இது இல்லை, எங்களைக் கேலி செய்கிறார்கள்" என்று அந்தப் பகுதி மக்களே கேமரா முன்னால் சொன்னார்கள். பாட்டில் வந்த குரல் துண்டுகளுக்குச் சொந்தக்காரர்கள், எங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்று கிளம்பினார்கள்.

நம்ம கதாநாயகனுக்கு? வைரலைத் தொடங்கி வைத்தவர் என்ற பெயர் கிடைத்தது. பார்வையாளர்கள் குவிந்தார்கள். ஆனால் பாட்டு அவருடையதல்ல. பாட்டுப் போட்டு ஜெயிக்க வந்த ஒருத்தர், இன்னொருத்தர் பாட்டை நம்பர் ஒன் ஆக்கிக் கொடுத்தார். அதுவும் முகமூடிக்குள் ரோஸ் டிரெஸ்ஸில் இருந்துகொண்டு. இதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, எனக்கு நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கு.

இங்கிருந்துதான் மாட்டிக்கொள்கிறார்.

அடுத்த நாலு வருடம் ஃப்ராங்க் வளர்ந்துகொண்டே போகிறான். புது சேனல்கள், லட்சக்கணக்கில் சந்தாதாரர்கள். இன்னும் சத்தமாக, இன்னும் அருவருப்பாக, இன்னும் அதிகமாக. போன வாரம் செய்ததையே இந்த வாரம் செய்தால் கூட்டம் திருப்தி அடையாது. வாந்தி எடுப்பதைக்கூட காமெடியாக்க வேண்டிய கட்டாயம்.

இப்போ கொஞ்சம் மெடிக்கல் பேசிக்கிறேன்.

நம் குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. பேசும்போது அவை ஒன்றோடு ஒன்று மோதி அதிர்கின்றன. சாதாரணமாகப் பேசும் ஆணுக்கு நொடிக்கு சுமார் 100 முதல் 120 தடவை. பெண்ணுக்கு சுமார் 200 தடவை. திரும்பப் படிங்க, நிமிஷத்துக்கு இல்லை, நொடிக்கு.

கத்தும்போது மோதும் வேகமும் கூடும், மோதலின் அழுத்தமும் கூடும். மேல் தோலுக்கு அடியில் ஜெல்லி மாதிரி மெத்தென்ற ஒரு அடுக்கு இருக்கிறது. அது இருப்பதால்தான் குரலுக்கு நெகிழ்வே வருகிறது. தொடர்ந்து கத்தினால் அங்கே நீர் கோத்து வீங்கும். வீக்கம் வற்றுவதற்குள் மறுபடி கத்தினால், மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவது மாதிரி நாணிலும் விழும். அதைத்தான் நோட்யூல் என்கிறோம். சில சமயம் ஒரே ஒரு கத்தலில் சின்ன ரத்தக்குழாய் வெடித்து நாணுக்குள் ரத்தம் கசியும். அது பாலிப்பாகவும் மாறலாம்.

எங்கள் ஓ.பி.க்கு இப்படி வருபவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், கண்டக்டர்கள், மேடையில் பேசுபவர்கள், கூவி விற்பவர்கள். (இப்போது காய்கறி வண்டிக்காரர்கள் ரெக்கார்டு செய்த குரலை ஸ்பீக்கரில் ஓட விடுகிறார்கள். அவர்கள் தொண்டைக்கு ரொம்ப நல்லது. மதியம் தூங்கும் தெருவுக்குத்தான் கஷ்டம்.)

பெரிய பாடகர்களுக்கும் இது விதிவிலக்கல்ல. 2011ல் அடெல் குரல் நாணில் ரத்தக்கசிவு வந்து, கச்சேரிகளை ரத்து செய்து, பாஸ்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்தார். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' ஜூலி ஆண்ட்ரூஸுக்கு 1997ல் குரல் நாணில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பழைய பாட்டுக் குரல் திரும்பி வரவே இல்லை.

பாட ஆசைப்படும் ஒருத்தர், தான் பாட வேண்டிய அதே இரண்டு நாண்களை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஃப்ராங்க் குரலில் கத்தினால் என்ன ஆகும்? அவரே எழுதிவிட்டார், தொண்டைத் திசுக்களில் சேதம் என்று.

அவருடைய நரம்பியல் பிரச்சனைக்கு நான் இங்கே உட்கார்ந்து பெயர் வைக்கப் போவதில்லை. நேரில் பார்க்காத நோயாளிக்கு ஃபேஸ்புக்கில் டயக்னோசிஸ் எழுதுவது தப்பு. கமெண்டிலும் வேண்டாம்.

ஆனால் பொதுவாக ஒன்று சொல்லலாம். நரம்பு சம்பந்தப்பட்ட நாள்பட்ட தொந்தரவு எதுவானாலும், இரவு முழுக்க எடிட்டிங், தூக்கமின்மை, வாராவாரம் டெட்லைன், இதெல்லாம் அதற்கு ஆகாது. மாத்திரையோடு சேர்த்து நாங்கள் எழுதும் முதல் அட்வைஸே நேரத்துக்குத் தூங்குங்க என்பதுதான்.

இத்தனைக்கும் நடுவில் அவர் பாட்டை விடவில்லை. இதுதான் என்னை இந்தக் கதையில் பிடித்து நிறுத்தியது.

2015 - 16 வாக்கில் யாருக்கும் சொல்லாமல் வேறொரு கணக்கில் பாட்டுகளைப் போட்டு வந்தார். மெதுவான, சோகமான, மங்கலான ஒலியில் பாட்டுகள். ரசிகர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். "டேய் ஃப்ராங்க்" என்று அங்கேயும் வந்து கும்மியடித்தார்கள். அவர் சோகமாகப் பாடியதற்குச் சிரிக்கும் ஸ்மைலி போட்டார்கள்.

சொந்தமாகப் பாட ஒளிந்துகொள்ள வேண்டிய நிலைமை. கோடிக்கணக்கில் பார்வை வாங்கிய ஒருத்தருக்கு!

வேறு வழியில்லாமல் பாதி விட்டுக்கொடுத்தார் என்றுகூடச் சொல்லலாம். 2017 ஜனவரி 4ல் 'பிங்க் சீசன்' ஆல்பம், பிங்க் கை பெயரிலேயே வந்தது. முழுக்க ஆபாசக் காமெடிப் பாட்டு. பில்போர்ட் 200 பட்டியலில் 76வது இடம். கிண்டலுக்காகச் செய்த ஆல்பம் அந்தப் பட்டியலுக்குள் போனது. கேட்டுப் பார்த்தால் பீட் எல்லாம் கிண்டல் இல்லை, ஒழுங்காகச் செய்திருப்பார்.

இந்த நேரத்தில்தான் 88ரைசிங் வருகிறது. ஷான் மியாஷிரோ 2015ல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். ஆசிய முகங்களை ராப், ஆர் அண்ட் பி உலகத்தில் கொண்டு நிறுத்துவது அவர்கள் திட்டம். மில்லர் அவர்களோடு சேர்கிறார்.

அதே கம்பெனியில் இன்னொரு பையன். ஜகார்த்தாவில் இருந்து பிரையன் இம்மானுவேல். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்து, யூட்யூப் பார்த்தே ஆங்கிலம் கற்றவர். ட்விட்டரிலும் வைனிலும் குட்டிக் குட்டி காமெடி வீடியோ போட்டுக்கொண்டிருந்தவர். 2016ல் ஒரு ராப் பாட்டு போட்டார். ரோஸ் போலோ சட்டை, இடுப்பில் பை, சின்னப் பையன் முகம், ஆனால் கனத்த குரல். சிரிக்க வந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயரில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல்லின் சாயல் இருந்ததால் கடும் விமர்சனம் வந்தது. 2018 ஜனவரி 1ல் அந்தப் பெயரைக் கைவிட்டு, ரிச் பிரையன் ஆனார்.

பாருங்க.. 2017 டிசம்பர் 29ல் ஒருத்தர் வேஷத்தைக் கழற்றுகிறார். மூன்றே நாள் கழித்து அதே கம்பெனியில் இன்னொருத்தர் பெயரைக் கழற்றுகிறார். சிரிப்புக்காகக் கட்டிய வீட்டில் குடியிருக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது.

2017 நவம்பரில் ஜோஜி பெயரில் 'இன் டங்ஸ்' என்ற சின்ன ஆல்பம் வந்திருந்தது. அடுத்த வருடம் 'ஸ்லோ டான்சிங் இன் தி டார்க்'. அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் பார்க்கலாம். வெள்ளை கோட் போட்ட ஒருத்தன் ராத்திரித் தெருவில் தள்ளாடி நடக்கிறான். கால்கள் ஆட்டுக் குளம்புகள். முதுகில் ஒரு அம்பு பாய்ந்திருக்கிறது, ரத்தம் கொட்டுகிறது. ஃப்ராங்க் ரசிகன் பார்த்தால், இப்போ ஏதாவது ஜோக் வரும் என்று கடைசி வரை காத்திருப்பான். வராது.

குரலைக் கவனித்தால் ஒன்று தெரியும். உச்சத்தில் ஒரே ஒரு இடத்தில் நீட்டி ஏற்றுவாரே தவிர, மற்ற இடமெல்லாம் மைக்குக்கு மிக அருகில், காற்று கலந்த மெல்லிய குரல். அவர் ரசனையே அதுதான். ஆனால் ஒரு மருத்துவனாக எனக்கு, அடிபட்ட தொண்டையை இனி அடிக்க மாட்டேன் என்று ஒரு ஆள் முடிவெடுத்த மாதிரியும் கேட்கிறது. (இது என் கற்பனையாகக்கூட இருக்கலாம், விட்டுருங்க.)

2020 செப்டம்பரில் 'நெக்டர்', பில்போர்ட் 200ல் 3வது இடம். 2022 ஜூன் 10ல் 'கிளிம்ப்ஸ் ஆஃப் அஸ்'. பியானோவும் குரலும்தான் பிரதானம். இன்னொரு பெண்ணோடு வாழும்போதும் பழைய காதலியைத் தேடும் ஒருத்தனின் பாட்டு. டிக்டாக் முழுக்க ஜனங்கள் அழுதுகொண்டே வீடியோ போட்டார்கள். ஹாட் 100ல் 8வது இடம் வரை போனது. 2013ல் பிங்க் டிரெஸ்ஸில் ஆடி இன்னொருத்தருடைய பாட்டை ஏற்றிவிட்ட அதே பட்டியல்.

இப்படி வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதையும் சொல்லிடுறேன்.

பிரிட்டனின் கே.எஸ்.ஐ கால்பந்து வீடியோ கேம் விளையாடிக் கத்தியே பிரபலமானவர். அவர் எதையும் விடவில்லை. யூட்யூப், குத்துச்சண்டை, பாட்டு எல்லாம் ஒன்றாக ஓட்டினார். 2021ல் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதலிடமும் பிடித்தார். 2024ல் ஒரு பாட்டுக்கு இணையமே சேர்ந்து கலாய்த்தது. அதையும் தாங்கிக்கொண்டு நிற்கிறார். அந்த உடம்பும் மனசும் எல்லாருக்கும் அமையாது.

அடிசன் ரே டிக்டாக்கில் ஆடி வளர்ந்தவர். 2021ல் முதல் பாட்டு போட்டபோது கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஒதுங்கி இருந்து வேலை கற்றுக்கொண்டு 2024ல் 'டயட் பெப்சி' பாட்டோடு வந்தார். 2025ல் ஆல்பம். அன்று சிரித்த விமர்சகர்களில் பலரே பாராட்டி எழுதினார்கள். நடுவில் மூன்று வருடம்.. அதைக் கொடுக்க நம்மில் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

கார்ப்ஸ் ஹஸ்பண்ட் கதை வேறு. முகமே காட்டாமல் பேய்க்கதை சொல்லி, கேம் விளையாடி, 2020ல் பாட்டு ஹிட் கொடுத்தவர். அந்த அடிவயிற்றுக் குரலுக்குத்தான் ரசிகர்கள். தனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, இரைப்பை அமிலம் எதுக்களிக்கும் நோய் உட்படப் பல தொந்தரவுகள் இருப்பதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு ஆளின் நோயும் அவர் பிராண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, ரசிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

ஜோஜி செய்தது இவர்கள் யாரும் செய்யாதது. ஓடிக்கொண்டிருந்த கடையை இழுத்து மூடினார். வாரிசு வைக்கவில்லை, "ஸ்பெஷல் எபிசோட்" என்று திரும்பி வரவில்லை. காமெடியில் இருந்து வந்த காசு, பெயர் எல்லாம் கையில் இருக்கும்போதே. நோட்யூல் வந்த ஆசிரியரிடம் "கொஞ்ச நாள் கத்தாம இருங்க" என்றால், "நான் கத்தலேன்னா யார் சார் கிளாஸ் எடுப்பா?" என்பார். அவர் நிலைமை அது, சம்பளம் அதில்தான் வருகிறது. ஃப்ராங்க் விஷயத்திலும் சம்பளம் அதில்தான் வந்தது.

இன்றைக்கும் ஜோஜியின் பாட்டு எதற்குப் போய்ப் பார்த்தாலும், கமெண்டில் பழைய ஆட்கள் ஃப்ராங்கைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்திலேயே புதுப் பிள்ளைகள், "ஃப்ராங்க்னா யாரு?" என்று கேட்கிறார்கள்.

கடைசியா ஒன்று, சேனல் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் இன்பாக்ஸில் அடிக்கடி கேட்பதால் சொல்றேன். குரல் கட்டிக்கொண்டு 3 வாரத்துக்கு மேல் சரியாகவில்லை என்றால் பனங்கற்கண்டு, மிளகு, லோசெஞ்சஸ் என்று ஓட்டாமல் இ.என்.டி மருத்துவரிடம் போய் ஸ்கோப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காசு வாங்காமல் பார்ப்பார்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குரல் மொத்தமாகப் போனால் 3 வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டுப் போகணும். நோட்யூல் என்றால் பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது. குரல் பயிற்சியும் ஓய்வுமே பலருக்குப் போதும். கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்காதீங்க, அழுத்திக் கிசுகிசுப்பதும் தொண்டைக்குச் சிரமம்தான். ஓய்வு என்றால் பேசாமல் இருப்பது.

வேறு சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க. நைட் டூட்டி முடிச்சிட்டு பதில் போடறேன்.